பதினெட்டாவது புகை

அந்த வரியை எழுதியது வேறு யாருமில்லை, அமாரோவேதான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, அதே கதை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கோர்வெலா ஊர்க்காரர்கள் தங்கள் பொதுமலையை இனித் தாங்களே பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். அதற்கு முன் அந்த மலை படாத பாடு பட்டிருந்தது. சர்வாதிகாரி காலத்தில் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு பைன் மரம் நட்டது. திருப்பிக் கொடுத்தபோது ஊரில் பாதிப் பேர் சுவிட்சர்லாந்திலும் பார்சிலோனாவிலும் கொத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். மிச்சப் பேர் குத்தகைக்கு விட்டார்கள். தைல மரம் வந்தது, தைல மரத்தோடு தீயும் வந்தது. ஒரு அக்டோபரில் மூன்று நாள் எரிந்தது. எரிந்து முடிந்த கரிமேட்டில் நின்றுதான், "போதும்பா, நம்ம மலைய இனி நாமளே கட்டி அழுவோம்" என்றாள் மாடு வளர்க்கும் டொரிண்டா. அன்றைக்கே அவளைத் தலைவியாக்கிவிட்டார்கள். வாயைத் திறந்தவர் தலையில் வேலையைக் கட்டுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தானே.

ஊர்ச்சட்டம் எழுத ஆள் தேடினார்கள். விகோ துறைமுகத்திலிருந்து அப்போதுதான் குடிவந்திருந்த அமாரோவுக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், கம்ப்யூட்டரும் தெரியும். கப்பல்களுக்குக் காற்றுக்குழாய் வரைபடம் போடுவது அவன் தொழில், வீட்டிலிருந்தபடியே செய்வான். மாதா கோயில் அலமாரியில் எலி தின்று மிச்சம் வைத்திருந்த பழைய காகிதம் ஒன்றை அவனிடம் கொடுத்தார்கள். அதில்தான் அந்த வரி இருந்தது: 'பங்காளி என்பது ஆள் அல்ல, வீடு, கதவு திறந்து புகை எழும் வீடு.'

அதாவது, மலையில் பங்கு கேட்டு யாரும் பத்திரம் நீட்ட முடியாது. பாட்டன் பெயரைச் சொல்ல முடியாது. விற்க முடியாது, பிள்ளைகளுக்குப் பிரித்து எழுத முடியாது. ஊரில் அடுப்பு மூட்டி வாழ்கிற வரைக்கும் பங்கு. பூட்டிவிட்டுப் போனால் பங்கும் போச்சு. திரும்பி வந்து மூட்டினால் பங்கும் திரும்பி வரும். முதல் முறை படித்தபோது அமாரோவுக்குப் புல்லரித்தது.

"இதெல்லாம் எந்தக் காலத்துப் பேச்சு? 'ஊரில் குடியிருப்பவர்'னு போட்டுட்டுப் போ" என்றாள் டொரிண்டா.

"இல்லக்கா, புகைன்னே இருக்கட்டும். எவ்வளவு அழகா இருக்கு பாருங்க!"

அடம் பிடித்து அப்படியே எழுதினான். அடிக்கோடு வேறு போட்டான். அழகுக்கு ஆசைப்பட்டவன் ஒன்றை மறந்துவிட்டான்: அவன் வீட்டில் புகையே கிடையாது.

அவனும் அவன் மனைவி உஷியாவும் இருந்த வீடு, உஷியாவுடைய தாத்தாவின் தம்பி விட்டுப்போனது. அவர் தையல்காரர். அவர் கண்ணை மூடி இருபது வருஷம் அந்த வீடு பூட்டியே கிடந்தது. இவர்கள் வந்ததும் சுவருக்குள் பஞ்சு அடைத்து, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டு, கொல்லைப்புறம் வெப்பமூட்டும் மெஷின் ஒன்றை வைத்தார்கள். சமையலுக்கு இண்டக்ஷன் அடுப்பு. மெஷின் மாடு அசைபோடுவதுபோல மெதுவாக முனகிக்கொண்டிருக்கும். ஊர் அதற்கு 'மெஷின் வீடு' என்று பெயர் வைத்தது. அமாரோ 'மெஷின்காரர்' ஆனான். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். அந்த வீட்டில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. டிசம்பரிலும் அரைக்கைச் சட்டையோடு உட்காரலாம்.

ஐந்து குளிர்காலம் தொடர்ந்து ஊரில் இருந்தவர்தான் பங்காளியாக மனுப் போடலாம். ஐந்தையும் அமாரோ விரல் விட்டு எண்ணினான். ஊர்வேலை என்று சொன்னால் முதல் ஆளாக நின்றான். தீத்தடுப்புப் பாதை வெட்டினான், குளம் தூர்வாரினான், அரிவாள் பழகப் போய்ச் சொந்தக் காலையே வெட்டிக்கொண்டான். எரிந்த மேட்டில் ஊர் நட்ட செஸ்ட்நட் கன்றுகளில் இருநூறு அவன் கையால் நட்டவை. ஊர்க்கூட்டம் நடக்கும்போதெல்லாம் நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதுவதும் அவன்தான்.

ஒரே ஒரு தடவை, வந்த புதிதில், காய்ச்சலில் படுத்து ஊர்வேலைக்குப் போகவில்லை. வராத வீட்டுக்குத் தண்டம் ஒரு குடம் ஒயின் என்று சட்டம். கொடுத்துவிடலாம் என்று கடையில் நல்ல ஒயினாகப் பார்த்து வாங்கிக்கொண்டு டொரிண்டாவிடம் போனான். அவள் சிரித்துவிட்டாள்.

"அட, நீ எதுக்குத் தம்பி தர்ற? தண்டமெல்லாம் பங்காளிக்குத்தான். வெளியாளுக்குத் தண்டம் கிடையாது, வணக்கம்தான்."

அன்பாகத்தான் சொன்னாள். அந்த வணக்கம் அமாரோவின் தொண்டையில் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது, ஆறு வருஷமாக இறங்கவில்லை.

*

அக்டோபர் மாதக் கூட்டத்தில் அவன் மனு வந்தது. கூட்டம் நடப்பது மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்தில். பிள்ளைகள் இல்லாமல் மூடிய பள்ளி. பெஞ்சு மட்டும் பிள்ளைகள் அளவிலேயே இருக்கிறது. எழுபது வயது மனிதர்கள் முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள்.

முதலில் வீட்டுப் பெயர் கூப்பிட வேண்டும். டொரிண்டா எதையும் பார்க்காமல் மனப்பாடமாகக் கூப்பிடுவாள், மேலத் தெருவில் தொடங்கி ஓடை வரைக்கும், பாதையில் நடந்துபோகிற வரிசையில்.

"மேல்வீடு?"

"இருக்கேன்."

"ஊற்றடி வீடு?"

"இருக்கேன்."

"மணியக்காரர் வீடு?"

"இருக்கேன், இருக்கேன்."

"கொல்லன் வீடு?"

"எங்க போயிடப் போறேன்? இருக்கேன்" என்றார் பல்பினோ.

அந்த இடத்தில் டொரிண்டா எப்போதும் ஒரு மூச்சு நிறுத்துவாள். பிறகு, "ஓக் மரத்தடி வீடு?" என்று தொடர்வாள். பதினேழு வீடு, பதினேழு 'இருக்கேன்'. அமாரோ ஒவ்வொன்றாக எழுதி, கீழே மொத்தம் போட்டான்.

மனுவை வாசித்ததும் எல்லோரும் தலையாட்டினார்கள். கையைத் தூக்கி முடித்துவிடலாம் என்று டொரிண்டா வாயெடுத்தபோதுதான் பல்பினோ எழுந்தார். எழுபத்து நான்கு வயது, கொல்லன் வீடு என்று பெயரே தவிர, அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக யாரும் இரும்பைத் தொட்டதில்லை, வேலையெல்லாம் நாக்கால்தான்.

"எனக்கு ஒரு சின்ன சந்தேகம். நம்ம மெஷின்காரர் தங்கமான மனுஷன். வேலைக்கு மொத ஆளா வர்றார், சாப்பாட்டுக்குக் கடைசி ஆளா உக்கார்றார். எல்லாம் சரி. புகை எங்க?"

"மெஷின்லேர்ந்து காலைல ஒரு ஆவி வருமே, அது ஆகாதா?" என்றான் எலிசார்தோ. மலைக்கிராமங்களுக்கு வேனில் ரொட்டி கொண்டுபோகிறவன். யாரையும் கிண்டல் பண்ணாமல் அவனுக்கு ரொட்டி செரிக்காது.

"ஆவி வேற, புகை வேற. பேயையும் ஆவிங்கறோம், அதுக்கும் பங்கு குடுத்துடலாமா?"

"அண்ணே, என்ன வம்பு இது? புகைன்னா குடியிருக்கறதுன்னு அர்த்தம்" என்றாள் டொரிண்டா.

"அப்ப அப்படி எழுதியிருக்கணும். எழுதுனது யாரு?"

எல்லாத் தலையும் அமாரோ பக்கம் திரும்பின. அமாரோ நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பல்பினோவின் குரல் கொஞ்சம் இறங்கியது. "கெட்ட எண்ணத்துல சொல்லல தம்பி. உனக்கு விட்டா, நாளைக்கு லீவுக்கு வர்றவன்லாம் என் வீட்லயும் மெஷின் ஓடுதுன்னு நிப்பான். அவன் ஊர்ல இருக்கானா இல்லையான்னு நான் எதை வச்சுப் பாக்கறது? மெஷின் ஆளில்லாமலும் ஓடும். அடுப்பு ஆளில்லாம எரியாது."

அமாரோவுக்குக் கோபம் வந்தது. கிழவர் சொன்னது சரிதான் என்பது அதைவிடச் சுட்டது. அந்த வரியில் அழகு என்று அவன் கண்டதே அதுதானே. முடிவு நவம்பர் கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று. தள்ளிப்போனதையும் அவனேதான் நோட்டில் எழுதினான்.

நவம்பர் கூட்டத்தில்தான் செஸ்ட்நட் தோப்புக்குச் சீட்டுப் போடுகிறார்கள். வீட்டுக்கு ஒரு பட்டை நிலம் என்று பிரித்து, அந்தந்த வீடு பராமரிக்க வேண்டும். சீட்டு ஒன்பது வருஷத்துக்கு ஒரு தடவை. அன்றைக்குள் பங்காளி ஆகாவிட்டால், நட்டவன் தோப்புக்கு வெளியே நின்று ஒன்பது வருஷம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அமாரோவுக்கு வயது நாற்பத்தெட்டு.

*

"வெளிய போய் ஒரு சிகரெட் பிடிச்சுட்டு வா. புகை வரும்" என்றாள் உஷியா. கீழே டவுன் சுகாதார நிலையத்தில் நர்ஸ். நாளெல்லாம் அடுத்தவர் வலியைப் பார்த்துவிட்டு வருகிறவளிடம் சுலபத்தில் இரக்கம் வாங்க முடியாது.

அமாரோ சிரிக்கவில்லை. உருளையும் கீரையும் போட்ட சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"என்ன, பட்டை போயிடுமேன்னா?"

"பட்டை இல்ல உஷியா. சொன்னா சின்னப்புள்ளத்தனமா இருக்கும்."

"சொல்லு. இந்த வீட்ல வேற யாரு இருக்கா?"

"ஆறு வருஷமா பதினேழு வீட்டுப் பேரை எழுதறேன். ஒவ்வொருத்தரும் 'இருக்கேன்'னு சொல்றாங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நம்ம வீட்டையும் கூப்பிட மாட்டாங்களான்னு இருக்கு."

உஷியா கரண்டியைக் கீழே வைத்தாள். அவன் அப்பா கப்பலில் சமையல்காரர் என்பதும், பதினைந்து வயதுக்குள் அவன் ஏழு துறைமுகத்தில் ஏழு வாடகை வீடு பார்த்தவன் என்பதும், எந்த வீட்டிலும் அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரிவதற்குள் மூட்டை கட்டியவன் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"அப்ப மூட்டேன். கல்லடுப்பு சமையலறை மூலைல அப்படியேதான இருக்கு? நான் அதுல செருப்பு வைக்கறேன், அவ்வளவுதான்."

"புகைபோக்கிய நானே அடைச்சுட்டேனே, குளிர் வரக் கூடாதுன்னு."

"அடைச்சவனுக்கு எடுக்கத் தெரியாதா? பெரிய பெரிய கப்பலுக்கெல்லாம் குழாய் வரையற ஆளு!"

*

கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம். உஷியா வேலைக்குப் போயிருந்தாள். ஆறு வாரமாக மழை இல்லை. மலையில் காய்ந்த சருகு காலில் நொறுங்கியது. அமாரோ முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டான். புகைபோக்கியின் உயரம், அகலம், காற்றின் இழுப்பு எல்லாம் கன கச்சிதமாக வந்தன. கீழே தானே அடைத்திருந்த பஞ்சு மூட்டையைப் பிடுங்கினான். செருப்புகளை அப்புறப்படுத்தினான். விறகு அடுக்கிப் பற்றவைத்தான்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்? கீழ் அடைப்பை எடுத்தவனுக்கு மேல் அடைப்பு இருக்கும் என்று தோன்றவில்லை. இருபத்தைந்து வருஷமாகச் சும்மா கிடந்த புகைபோக்கியை மலைக்காக்கைகள் சும்மா விடுமா? தலைமுறை தலைமுறையாக அதில் சுள்ளி போட்டுக் கூடு கட்டியிருந்தன, மாடி மேல் மாடியாக.

ஐந்து நிமிஷம் அடுப்பு அழகாக எரிந்தது. அமாரோ வெளியே ஓடிப்போய்ப் பார்த்தான். கூரைக்கு மேலே ஒன்றும் இல்லை. புகை போதவில்லை போல என்று நினைத்து, உள்ளே வந்து, ஒரு கட்டுப் பச்சைத் துடைப்பப்புல்லை அள்ளி நெருப்பில் போட்டான். பல்பினோ வீட்டுக்குத் தெரிய வேண்டுமே!

அதற்குப் பிறகு நடந்ததை அவனாலேயே வரிசையாகச் சொல்ல முடியாது. மேலே போன புகை, வழி இல்லை என்று தெரிந்ததும் கோபத்தோடு திரும்பி வந்தது. சமையலறை மறைந்தது. கண் மறைந்தது. ஜன்னலைத் திறக்கப் போனவன் அலமாரியைத் திறந்தான். புகை மாடிப்படி ஏறி, மரத்தளம் கடந்து, கூரைக்குப் போயிற்று. அந்த ஊர்க் கூரையெல்லாம் கல்பலகை, சுண்ணாம்பு பூசாமல் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாத்தியது. ஒவ்வொரு பலகை இடுக்கிலிருந்தும் புகை கிளம்பியது. புகைபோக்கியிலிருந்து மட்டும் ஒரு நூல்கூட வரவில்லை.

மணி அடித்தது அப்போதுதான்.

மாதா கோயில் மணியைத் தீக்கு அடிக்கும் விதம் தனி; இடைவெளி விடாமல், மூச்சு முட்ட அடிக்க வேண்டும். மலை எரிந்த வருஷத்துக்குப் பிறகு ஊரில் யாரும் அதைக் கேட்டதில்லை. அதற்கும் மேலே பல்பினோவின் குரல் கேட்டது.

"தையல்காரர் வீடு எரியுது! ஓடியாங்கடோய், தையல்காரர் வீடு எரியுது!"

அமாரோ இருமிக்கொண்டே முற்றத்துக்கு வந்து விழுந்தபோது ஊரே வந்துகொண்டிருந்தது. டொரிண்டா டிராக்டரில் தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள். எலிசார்தோ ரொட்டி வேனிலிருந்து தீயணைப்பு உருளையோடு குதித்தான். முதுகில் தெளிப்பான் மாட்டியவர்கள், மண்வெட்டி பிடித்தவர்கள், மாவுக் கையோடு வந்தவர்கள். எல்லோருக்கும் பின்னால் பல்பினோ, ஒரு காலில் மட்டும் செருப்போடு, முட்டி வலியெல்லாம் மறந்து ஓடி வந்து அவன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"உள்ள யாரு இருக்கா? அந்தப் பொண்ணு எங்கடா? சொல்லுடா!"

"யாருமில்ல. வேலைக்குப் போயிருக்கா."

"மாடு கீடு?"

"இல்லண்ணே, தீயும் இல்ல. நான்தான்... அடுப்பு மூட்டினேன்."

அதற்குள் டொரிண்டா குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர் சமையலறை ஜன்னல் வழியாகப் போய், எதிர்ச்சுவரில் அடித்து, திரும்பி வந்து வாசலில் நின்ற எல்லோரையும் நனைத்தது. கூரை மேல் ஏறிய எலிசார்தோ புகைபோக்கிக்குள் கழியை விட்டுக் குத்த, ஒரு வண்டிச் சுள்ளி அடுப்பில் சரிந்தது. அதோடு இரண்டு கரண்டியும் யாரோ தொலைத்த மூக்குக்கண்ணாடி ஒன்றும். கடைசியாக, புகைபோக்கி ஒரு தடவை செருமிவிட்டு, நேராக, வெள்ளையாக, ஆகாயத்துக்குப் புகை விட்டது.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"பல்பினோ பெரியவரே, போதுமா? இல்ல, இன்னும் கொஞ்சம் வேணுமா?" என்றான் எலிசார்தோ கூரையிலிருந்து.

அப்போதுதான் பல்பினோவுக்கு முட்டி வலி ஞாபகம் வந்தது. ஈரக் கல்லில் உட்கார்ந்து, செருப்பில்லாத காலைப் பிடித்துக்கொண்டு, அமாரோவை மேலும் கீழும் பார்த்தார். முகம் முழுக்கக் கரி, நனைந்த சட்டை, ஒரு கையில் இன்னும் துடைப்பப்புல்.

"யோவ், உன்னையெல்லாம் நம்பி எவன்யா கப்பல் ஏறுறான்?"

ஊர் சிரித்த சிரிப்பில் காக்கைகள் பறந்துபோயின. அமாரோவும் சிரித்தான், ஆனால் உள்ளே செத்துப்போயிருந்தான். அவமானம் ஒரு பக்கம். காய்ந்து கிடக்கும் மலைக்குக் கீழே ஊரையே குலைநடுங்க வைத்துவிட்டான் என்பது மறுபக்கம். நாளைக்கு யார் தனக்குக் கை தூக்குவார்கள்? உஷியா திரும்பி வந்து, கரிபிடித்த சமையலறையையும் நனைந்த திரைச்சீலைகளையும் பார்த்துவிட்டு, "சிகரெட்டே பிடிச்சிருக்கலாம்" என்றாள். பிறகு அவன் தலையைத் துவட்டிவிட்டாள்.

*

மறுநாள் பள்ளிக்கூடம் நிறைந்திருந்தது. டொரிண்டா பெயர் கூப்பிட்டாள், பதினேழு 'இருக்கேன்'. அமாரோ தலையைத் தூக்காமல் எழுதினான். எவ்வளவு கழுவியும் விரல் இடுக்கில் கரி போகவில்லை. நோட்டின் ஓரத்தில் அவன் கட்டைவிரல் அச்சாக விழுந்தது.

முதல் பேச்சை எலிசார்தோதான் எடுத்தான். சட்டப்புத்தகத்தைக் கையில் வைத்திருந்தான், பாதிரியார் பைபிளைப் பிடிப்பதுபோல.

"சட்டம் பதிமூணு. 'காரணமில்லாமல் மணி அடிக்கப்பட்டால், அதற்குக் காரணமான பங்காளி, ஓடி வந்த வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம் ஒயின் தண்டம் தர வேண்டும். தன் வீட்டு ஒயினாக இருக்க வேண்டும்.' இது எவ்வளவு அழகா இருக்கு பாருங்க! நேத்து எல்லா வீடும் ஓடி வந்துச்சு. மணி அடிச்சது யாரு?"

"பல்பினோ!" என்று பத்துக் குரல் கேட்டது.

பல்பினோ பெஞ்சிலிருந்து எழ முயன்று, முட்டி மாட்டி, மறுபடி எழுந்தார். "அடிச்சது நான். அடிக்க வச்சது அவன்! கேளுங்க அவனை!"

"அவரைக் கேக்க முடியாதே பெரியவரே. 'காரணமான பங்காளி'ன்னு இருக்கு. அவரு பங்காளி இல்ல. போன மாசம் நீங்கதான் வேணாம்னீங்க. வெளியாளுக்குத் தண்டம் கிடையாது, வணக்கம்தான். இந்த விஷயத்துல சம்பந்தப்பட்ட ஒரே பங்காளி நீங்க."

"பதினாறு குடம்" என்றது ஒரு குரல்.

"இந்த வருஷம் பல்பினோ ஒயின் நல்லாருக்குன்னு கேள்வி" என்றது இன்னொரு குரல்.

கிழவரின் முகத்தில் ரத்தம் ஏறியது. பதினாறு குடம் என்றால் பீப்பாயில் பாதி. அவர் டொரிண்டாவைப் பார்த்தார். டொரிண்டா முகத்தில் ஒரு வரிகூட அசையவில்லை. ஆனால் அவள் தோள் குலுங்குவதை அமாரோ பக்கத்திலிருந்து பார்த்தான்.

"அப்ப அவனைப் பங்காளி ஆக்குங்கய்யா!" என்று கத்தினார் பல்பினோ.

"எப்படிண்ணே ஆக்கறது?" என்றாள் டொரிண்டா. "புகை எங்க?"

"புகையா? நேத்து ஊரே இருமுச்சு, இன்னும் என் சட்டை நாறுது, புகை எங்கன்னா கேக்கற?"

பள்ளிக்கூடம் அதிர்ந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடங்க வெகு நேரம் ஆயிற்று. பல்பினோ உட்காரவில்லை. எல்லோரும் ஓய்ந்த பிறகு, வேறு குரலில் பேசினார்.

"ஒண்ணு கேக்கறேன். நான் மணிக் கயித்தைப் பிடிச்சப்ப என்ன கத்தினேன்னு யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா? மெஷின் வீடு எரியுதுன்னா கத்தினேன்?"

"தையல்காரர் வீடுன்னு கத்தினீங்க" என்றாள் டொரிண்டா.

"ஆங். அதையேதான் ராத்திரி முச்சூடும் யோசிச்சேன். அந்தப் பேரை நான் சொல்லி இருபத்தஞ்சு வருஷம் ஆகுது. வாய்க்குத் தெரிஞ்சிருக்கு, இந்த மண்டைக்குத் தெரியல." கையால் தலையில் தட்டிக்கொண்டார். "மெஷின் ஓடட்டும், வேணாங்கல. ஆனா ஞாயித்துக்கிழமை அடுப்பு மூட்டணும். நான் பாப்பேன். மூட்டறதுக்கு முன்னாடி மேல எட்டிப் பாக்கணும். அவ்வளவுதான். இப்ப கையத் தூக்குங்க, என் பீப்பாய் பொழைக்கட்டும்."

முதலில் அவர் கையே உயர்ந்தது. பிறகு எல்லாக் கையும். அமாரோ எண்ண வேண்டும், எழுத வேண்டும், எண்ண முடியவில்லை. கண் கலங்கியதற்கு நேற்றுப் புகையைக் காரணம் சொல்லலாம் என்று நினைத்தான். யாரும் கேட்கவில்லை.

"தீர்மானம் எழுது" என்றாள் டொரிண்டா. "தையல்காரர் வீடு இன்னையிலேர்ந்து பங்காளி. அடுத்த வரி எழுது. தையல்காரர் வீட்டுக்குத் தண்டம், பதினேழு குடம் ஒயின்."

"அக்கா, எங்க வீட்டு ஒயின்னு ஒண்ணு இல்லையே. கடையில..."

"கடை ஒயின் செல்லாது. உன் வீட்டுப் பின்னால தையல்காரர் வச்ச கொடி இல்ல? காடு மாதிரி கிடக்குதே? வெட்டி விடு, காய்க்கும். அடுத்த வருஷம் நவம்பர்ல, புது ஒயின் திறக்கற மார்ட்டின் திருநாளுக்கு எல்லாக் குடமும் வரணும்."

"அதுவரைக்கும் ஊரை விட்டு ஓடக் கூடாது" என்றான் எலிசார்தோ.

"ஓடல" என்றான் அமாரோ. தண்டம் வாங்கிவிட்டு இப்படிப் பல்லைக் காட்டிய மனிதனை அந்தப் பள்ளிக்கூடம் அதுவரை பார்த்ததில்லை.

சீட்டுப் போடத் தொப்பியை எடுத்தார்கள். டொரிண்டா தடுத்தாள். வீட்டுக் கணக்கு மாறிப்போனதால் பெயர் மறுபடி கூப்பிட வேண்டும் என்றாள். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அதையும் அமாரோதான் எழுதியிருந்தான். அவன் புதுப் பக்கம் திருப்பினான். ஒன்று முதல் பதினெட்டு வரை ஓரத்தில் எண் போட்டான். கடைசி எண்ணைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, தன் முறை வரும்போது குரல் நடுங்காமலிருக்கத் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். அவசரமில்லை, இன்னும் பதினேழு வீடு இருக்கிறது.

"மேல்வீடு?"

"இருக்கேன்."

"ஊற்றடி வீடு?"

"இருக்கேன்."

"மணியக்காரர் வீடு?"

"இருக்கேன்."

"கொல்லன் வீடு?"

"இருக்கேன்" என்றார் பல்பினோ.

வழக்கமான அந்த ஒரு மூச்சு வந்தது. பிறகு டொரிண்டா கூப்பிட்டாள்.

"தையல்காரர் வீடு?"

ஐந்தாம் எண்ணுக்கு நேரே 'ஓக் மரத்தடி வீடு' என்று பாதி எழுதியிருந்த அமாரோ பேனாவை நிறுத்தினான். அவள் மூச்சு வாங்குகிறாள் என்று ஆறு வருஷமாக அவன் நினைத்திருந்த இடம் அது. பாதையில் கொல்லன் வீட்டுக்கும் ஓக் மரத்துக்கும் நடுவில் இருப்பது தன் வீடுதான் என்பது இத்தனை நாள் தனக்கு உறைக்கவே இல்லையே என்று நினைத்தான். கடைசியில் ஒட்டவைக்கப் போகிறார்கள் என்று அவன் காத்திருந்தான். அவர்களோ அந்த இடத்தை இருபத்தைந்து வருஷமாக யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.

"தையல்காரர் வீடு?" என்று மறுபடி கேட்டாள் டொரிண்டா.

பல்பினோ முழங்கையால் அவன் விலாவில் இடித்தார். "யோவ், உன்னத்தான்யா."

அமாரோ எழுந்தான். பெஞ்சும் அவன் முட்டியோடு சேர்ந்து எழுந்தது.

"இருக்கேன்" என்றான்.

டொரிண்டா தலையாட்டிவிட்டு, ஓக் மரத்தடி வீட்டைக் கூப்பிட்டாள்.